பழைய கணினியில் ஓபிஎன்சென்ஸ்: எங்கள் யூனிட்டில் ஏழு மாதம்

திருப்பூர் பி.என். ரோட்டை ஒட்டி எங்கள் எம்பிராய்டரி யூனிட் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். கணக்கும் பில்லும் என் பொறுப்பு. சென்ற ஆடியில் ஒரு மாலை, பெங்களூருக்குப் போக வேண்டிய சரக்கு வண்டியில் ஏறிவிட்டது. வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு) இல்லாமல் வண்டி நகரக் கூடாது. பில் போட உட்கார்ந்தால் இணையம் இல்லை. காற்றில் ஃபைபர் ஒயர் எங்கோ அறுந்திருந்தது. 4ஜி ரவுட்டர் ஒன்று மேசையிலேயே கிடந்தது; எந்த ஒயரைப் பிடுங்கி எதில் செருகுவது என்று அந்தப் பதற்றத்தில் பிடிபடவில்லை. “இருட்டுவதற்குள் சேலம் தாண்ட வேண்டும், அம்மிணி” என்று டிரைவர் வாசலில் நின்று இரண்டு முறை சொன்னார். அன்று இரவே ஒரு முடிவுக்கு வந்தேன்: இரண்டு லைனும் ஒரே பெட்டிக்குள் வர வேண்டும், ஒன்று போனால் மற்றொன்று தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஓபிஎன்சென்ஸ்: பழைய கணினியையே ரவுட்டராகவும், எந்தத் தகவல் போகலாம் வரலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலாகவும் மாற்றும் மென்பொருள்.

கோவை காந்திபுரத்தில் 6,500 ரூபாய்க்கு ஒரு பழைய ஐ5 கணினி வாங்கினேன். நான்கு போர்ட் கொண்ட பழைய இன்டெல் நெட்வொர்க் கார்டுக்கு 2,400 ரூபாய். கார்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓபிஎன்சென்ஸ் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல்; அதில் இன்டெல் கார்டுகள் தகராறு செய்வதில்லை. மென்பொருள் இலவசம். 2015-இல் பிஎஃப்சென்ஸ் என்ற இதேபோன்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் வளர்க்கிறது.

பென் டிரைவிலிருந்து நிறுவ அரை மணி நேரம் ஆனது. ஆனால் முதல் நாள் முழுக்க இணையமே வரவில்லை. காரணம் இதுதான்: ஓபிஎன்சென்ஸ் தனக்கு 192.168.1.1 என்று முகவரி வைத்துக்கொள்கிறது. என் ஃபைபர் மோடமும் அதே முகவரியில் இருந்தது. ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அலுவலகக் கணினிகள் இருக்கும் பக்கத்தில் ஓபிஎன்சென்ஸின் முகவரியை 192.168.10.1 என்று மாற்றியதும் சரியானது.

அடுத்து லைன் மாறும் ஏற்பாடு. ஃபைபருக்கு முதல் அடுக்கு, 4ஜிக்கு இரண்டாம் அடுக்கு என்று ஒரு கேட்வே (இணையத்துக்கு வெளியே போகும் வழி) குழு அமைத்து, அலுவலகக் கணினிகளுக்கான ஃபயர்வால் விதியில் அந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்தேன். மோடத்தின் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன், உடனே மாறியது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மோடத்திலிருந்து ஃபைபரை மட்டும் கழற்றியபோது மாறவில்லை! லைன் உயிரோடு இருக்கிறதா என்று ஓபிஎன்சென்ஸ் விசாரித்தது பக்கத்திலிருந்த மோடத்திடம். மோடமோ நன்றாகத்தான் இருந்தது. விசாரிக்கும் முகவரியை வெளியே வைக்க வேண்டும். ஃபைபருக்கு கூகுளின் 8.8.8.8, 4ஜிக்கு கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்று தனித்தனியாகக் கொடுத்தேன். மார்கழியில் உண்மையாகவே லைன் போனபோது, பில் போடும் தளம் மறுபடி உள்நுழையச் சொன்னது. வெளி முகவரி மாறுவதால் அது தவிர்க்க முடியாதது. வேறெதுவும் தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காத நன்மை கேமராக்களில் கிடைத்தது. எட்டு கேமராவையும் அவற்றைப் பதிவு செய்யும் பெட்டியையும் 192.168.20 என்ற தனி நெட்வொர்க்கில் வைத்தேன். புதிதாகச் சேர்க்கும் நெட்வொர்க்குக்கு ஓபிஎன்சென்ஸ் எந்த அனுமதியும் தருவதில்லை. விதி, தகவல் உள்ளே நுழையும் போர்ட்டில் பார்க்கப்படுகிறது. அலுவலக போர்ட்டில் அனுமதி உண்டு, கேமரா போர்ட்டில் இல்லை. அதனால் அலுவலகத்திலிருந்து கேமராவைத் திறக்க முடிந்தது; கேமராக்கள் தாமாக வெளியே போக முடியவில்லை. தையல் தளத்தில் வேலை செய்யும் பெண்களின் முகங்கள் எங்கோ ஒரு சர்வருக்குப் போகக் கூடாது என்று எனக்கு நெடுநாள் கவலை இருந்தது, அது தீர்ந்தது. ஒரு விளைவு மட்டும் தாமதமாகத் தெரிந்தது: பதிவுப் பெட்டியின் கடிகாரம் ஆறு நிமிடம் பிந்தியிருந்தது. நேரம் கேட்கும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டேன். நேரம் கேட்பதற்கென்றே உள்ள யுடிபி 123 என்ற போர்ட் எண்ணில் ஓபிஎன்சென்ஸிடம் மட்டும் நேரம் கேட்கலாம் என்று ஒரு விதி சேர்த்தேன்.

நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை: பஞ்சு. இரண்டாம் மாதம் பெட்டியைத் திறந்தால் பிராசசர் விசிறிக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு கம்பளிபோல் ஒட்டியிருந்தது, விரலால் உரித்தெடுத்தேன். இப்போது கணினியைத் தையல் தளத்திலிருந்து அலுவலக அறைக்கு மாற்றி, மாதம் ஒரு முறை ஊதிச் சுத்தம் செய்கிறேன். கரண்ட் போய் வந்தால் தானாக எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படைத் தொடக்க அமைப்பில்) மாற்றிவைப்பதும் அவசியம். நாள் முழுக்க ஓடுவதால் மாதம் 25 யூனிட் அளவு மின்சாரம் கூடுகிறது. சிறிய ரவுட்டர் இதில் கால்வாசிகூட எடுக்காது.

ஒரே லைன், நான்கு கைப்பேசி இருக்கும் வீட்டுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். இரண்டு லைனும் கேமராவும் பில்லிங்கும் உள்ள யூனிட் என்றால், இரண்டு மூன்று மாலைகள் பொறுமையாக உட்கார முடிந்தவர்கள் தயங்காமல் செய்யலாம். அமைப்பு முழுவதும் ஒரே கோப்பில் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதைப் பென் டிரைவில் எடுத்து, செக் புத்தகம் இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன்.