உறங்க வைக்கும் பாட்டு: வாயா, போனா, தொட்டிலா?

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளையை இரவில் உறங்க வைக்க, குமரி மாவட்டத்து வீடுகளில் இப்போது நான்கு வழிகள் நடப்பில் இருக்கின்றன. அம்மாவோ ஆச்சியோ பக்கத்தில் படுத்துப் பாடுவது ஒன்று. போனிலோ ஸ்பீக்கரிலோ பாட்டைப் போட்டுவிடுவது இன்னொன்று. தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே பாடுவதும் உண்டு. வளைகுடாவில் இருக்கும் அப்பாவின் குரலைப் பதிந்து ஓட விடுவதும் உண்டு. நான்கிலும் பிள்ளை உறங்கத்தான் செய்யும். எது நல்லது, எது வினை என்பது நடுராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியும்.

இந்த வயதில் ஓர் உறக்கச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுற்று முடியும்போதெல்லாம் பிள்ளை லேசாக விழிக்கும். கண்ணை மூடும்போது சுற்றிலும் என்ன இருந்ததோ அது அப்படியே இருந்தால், புரண்டு படுத்து மறுபடி உறங்கிவிடும். ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கையில் கண்மூடிய பிள்ளை, விழிக்கும்போது அறை நிசப்தமாக இருந்தால் எழுந்து உட்கார்ந்து அழும். தொட்டில் ஆட்டமும் இப்படித்தான். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் அதை ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: பிள்ளை முழுசாக உறங்குவதற்கு முன்பே பாட்டை நிறுத்த முடிகிறதா?

வாயால் பாடுவது

முதலிடம் இதற்குத்தான். குரல் நன்றாக இருக்கிறதா, சுருதி சேர்கிறதா என்றெல்லாம் பிள்ளை பார்ப்பதில்லை. பாடுகிறவரோ பிள்ளையின் கண்ணைப் பார்த்தே வேகத்தைக் குறைக்கலாம், சத்தத்தைத் தணிக்கலாம், சொல்லை விட்டுவிட்டு வெறும் முனகலுக்கு இறங்கலாம், சரியான இடத்தில் நிறுத்தலாம். இதைச் செய்கிற கருவி கடையில் கிடைக்காது.

சாப்பாடு, பால், பல் துலக்கல் மூன்றும் பாட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பால்புட்டியைச் சப்பிக்கொண்டே பாட்டுக் கேட்டு உறங்கும் பிள்ளைக்கு மேல்வரிசை முன்பல் சொத்தையாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் மேல் கழுவி, துடைத்து, டியூப்லைட்டை அணைத்துச் சின்ன பல்பைப் போடுங்கள். முதல் பாட்டு மடியில் வைத்தபடி. இரண்டாவது பாட்டு படுத்த பிறகு. ஒவ்வொன்றும் மூன்று, நான்கு நிமிடம் போதும். முதுகில் வினாடிக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொடுங்கள். பாட்டு ஓட்டமெடுக்காமல் அந்தக் கையே பிடித்து வைக்கும். உங்களுக்கு வசதியான சுருதியிலிருந்து இன்னும் கொஞ்சம் இறக்கித் தொடங்குங்கள். அறைவாசலில் நிற்பவருக்கு அரைகுறையாகக் கேட்டால் அளவு சரி. இரண்டாவது பாட்டின் கடைசிச் சுற்றில் முனகல் மட்டும், பிறகு தட்டல் மட்டும், பிறகு தட்டாமல் கையை அப்படியே முதுகில் வைத்திருப்பது. கண் சொக்கியிருக்கும், இன்னும் மூடியிருக்காது. அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வு 405 தாய்மாரையும் அவர்களின் கைக்குழந்தைகள், நடைபழகும் பிள்ளைகளையும் வைத்து நடந்தது. குளியல், உடம்பைத் தடவிவிடுதல், அணைப்பும் தாலாட்டும் போன்ற அமைதியான நேரம், குளித்து 30 நிமிடத்துக்குள் விளக்கணைப்பு என்ற வரிசையை இரண்டு வாரம் மாறாமல் செய்தபோது, பிள்ளைகள் சீக்கிரம் உறங்கினார்கள், ராத்திரி விழிப்பதும் குறைந்தது. அந்த வரிசையில் பாட்டு ஒரு கண்ணிதான். மற்றவை முன்னே பின்னே போனால் பாட்டை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

நீலாம்பரியில் பாடினால்தான் உறங்கும் என்பார்கள் சங்கீதம் தெரிந்தவர்கள். இழைத்து இழைத்து மெதுவாகப் பாட வேண்டிய ராகம் அது. அதனால் சொல்வதில் பொருள் உண்டு. அதே மெதுவில் பாடினால் மற்ற மெட்டுகளும் எடுபடும்.

சொற்கள் விஷயத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நம் தாலாட்டுகளில் அத்தை அடித்தாளா, மாமன் அடித்தானா என்று சொந்தபந்தத்தை வரிசையாக நிறுத்திக் கேட்கும் அடிகள் உண்டு. ஆறு மாதப் பிள்ளைக்கு அது பெரிய வசதி, உறவுமுறை தீரும்வரை பாட்டை நீட்டிக்கொண்டு போகலாம். இரண்டரை வயதுப் பிள்ளை பதில் சொல்லத் தொடங்கும். “மாமன் அடிக்கல, அண்ணன்தான் அடிச்சான்” என்று எழுந்து உட்கார்ந்து வழக்குப் பேசினால், அன்றைக்கு இன்னும் அரை மணி நேரம் போச்சு. கேள்வி, பிள்ளையின் பெயர், மிருகச் சத்தம், கைதட்டல் எல்லாம் பகல் பாட்டுக்கு. இரவுக்கு நிலா, காற்று, பூ என்று விவரித்துக்கொண்டே போகும் பாட்டு நல்லது. மலையாளம் புழங்கும் விளவங்கோடு பக்கத்து வீடுகளில் பாடுகிற ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1813-இல் பிறந்து, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான சுவாதித் திருநாளுக்காகக் கவிஞர் இரயிம்மன் தம்பி எழுதியது. கதையோ சம்பவமோ கிடையாது, இதுவோ அதுவோ என்று உவமைகளாக அடுக்கிக்கொண்டு போகும். கேள்வி வடிவம்தான், ஆனாலும் பிள்ளை பதில் சொல்லப் புகும் கேள்வி ஒன்றுகூட இல்லை.

எட்டு மணி குடும்ப ஜெபத்திலோ பஜனையிலோ பாடும் பாட்டையே உறக்கப் பாட்டாக்கும் வீடுகளும் உண்டு. தாராளமாகச் செய்யலாம். கைதட்டிப் பாடுவதை முதலிலும் மெதுவான கீர்த்தனையைக் கடைசியிலும் வைத்துக்கொள்ள வேண்டும், ஜெபம் முடிந்ததும் டிவி போடக் கூடாது.

வாய்ப்பாட்டின் பலவீனம், பாட்டு ஓர் ஆளோடு ஒட்டிக்கொள்வது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்ட விடியுமுன்பே கிளம்பும் வீடுகளிலும், கடலுக்குப் போகும் வீடுகளிலும் ஒரே ஆள் தினமும் பக்கத்தில் இருக்க முடியாது. அந்த இரண்டு பாட்டையும் வீட்டில் குறைந்தது இரண்டு பேர் அதே வரிசையில் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஆச்சியோ பாட்டாவோ (தாத்தாவோ) பாடட்டும்.

“அம்மா, ஒண்ணு கூட பாடு” என்பதற்கு மருந்து, எத்தனை பாட்டு என்பதை முன்கூட்டியே சொல்வது. இரண்டு பாட்டில் எது முதலில் என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்க விடலாம். மூன்றாவது மட்டும் எந்த நாளும் கிடையாது. ஒருநாள் இளகி மூன்றாவதைப் பாடிவிட்டால், அதன் பிறகு பல நாள் அதற்காக மல்லுக்கட்ட வேண்டிவரும்.

போனும் ஸ்பீக்கரும்

கைக்குழந்தை இன்னொன்று இருக்கிற வீட்டில், பாடிப் பாடித் தொண்டை கட்டிய நாளில், போனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வீடியோவாகக் காட்டுவது வேறு, கேட்க மட்டும் விடுவது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதில் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. படுக்கையில் திரை எந்த வயதுக்கும் ஆகாது. பாட்டின் நடுவில் திடீரென்று இரட்டைச் சத்தத்தில் விளம்பரம் வரும். தாலாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடி, குதிக்கிற ரைம்ஸில் போய் நிற்கும்.

கேட்க மட்டும் என்றால், பாட்டை முன்பே இறக்கி வைத்து, போனை விமானப் பயன்முறையில் போட்டு, திரையைக் கவிழ்த்து வையுங்கள். தானாக நிற்கும் நேரம் 15 நிமிடம். புளூடூத் ஸ்பீக்கரை அறைக்குள் பிள்ளை வருமுன்பே இணைத்துவிட வேண்டும். ‘கனெக்டட்’ என்று அது கத்துகிற கத்தலில் வந்த உறக்கமும் ஓடிவிடும். சார்ஜ் தீர்ந்து அணையும்போதும் ஒரு கூப்பாடு போடும், அதையும் கவனியுங்கள். தூரம் முக்கியம். குழந்தைகளுக்கான உறக்க ஒலிக் கருவிகள் 14-ஐச் சோதித்து 2014-இல் வெளியான ஆய்வில், முழுச் சத்தத்தில் வைத்தபோது ஒரு மீட்டரில் எல்லாக் கருவிகளுமே மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுக்குச் சொல்லப்படும் 50 டெசிபலைத் தாண்டின. ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைக்காமல் இரண்டு மீட்டராவது தள்ளி, பாதிக்கும் குறைவான சத்தத்தில் வையுங்கள்.

ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் அந்த நொடியே பிள்ளை விழிக்கும்.

அப்பாவின் குரல்

வளைகுடாவில் இருக்கும் அப்பா இரவில் வீடியோ காலில் பாடுவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சரிவராது. இங்கே எட்டரை மணி என்றால் துபாயில் ஏழு, சவூதியிலும் குவைத்திலும் ஆறு. அவர் வேலையிலோ வண்டியிலோ இருப்பார். அழைப்பு வரும்வரை பிள்ளை காத்திருக்கும், வந்ததும் முகத்தைப் பார்த்துத் துள்ளும், வைத்ததும் அழும். பேச்சை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டு, படுக்கைக்குக் குரல் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்; ஃபேன், ஏசி அணைந்திருக்கட்டும். அவரும் வீட்டில் பாடும் அதே பாட்டைத்தான் பாட வேண்டும். “மக்களே, அப்பா பேசுறேன்” என்று ஆரம்பிக்க வேண்டாம். கூப்பிட்டால் பிள்ளை ஆளைத் தேடும். முதல் பாட்டின் இடத்தில் இந்தப் பதிவையும், இரண்டாவதாகப் பக்கத்தில் இருப்பவரின் வாய்ப்பாட்டையும் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் குறைவில்லை.

தொட்டில்

சேலைத் தொட்டில் கைக்குழந்தைக்கானது. தானாக எழுந்து உட்காரவும் விளிம்பைப் பிடித்து ஏறவும் தொடங்கிய பிள்ளைக்கு அது ஆபத்து: சேலை முறுக்கிக் கழுத்தில் சுற்றலாம், கவிழ்ந்து விழலாம், மூத்தது வந்து வேகமாகத் தள்ளலாம். ஆனாலும் இரண்டு வயதிலும் தொட்டில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. அங்கேதான் பாட்டு உதவும். தொட்டிலையும் பாட்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். பெரியவர் பக்கத்தில் இருக்க, முதல் நான்கைந்து நாள் அதே தொட்டில், அதே பாட்டு, ஆட்டத்தின் வீச்சை மட்டும் பாதியாக்குங்கள். அடுத்த நான்கைந்து நாள் இரண்டாவது பாட்டு தொடங்கும்போது ஆட்டுவதை நிறுத்தி, துணியின் மேல் தட்டிக்கொடுங்கள். அதன் பிறகு தரையில் பாய் விரித்து, அதே சேலையை மடித்து அதன் மேல் விரித்து, அதே பாட்டு. முதல் இரண்டு நாள் அழுகை கூடும். தொட்டிலை அவிழ்த்துக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தால் சீக்கிரம் அடங்கும். கொக்கியில் தொங்கவிட்டால் தினமும் அதைக் காட்டி அழும்.

பாட்டு பலிக்காத நாட்கள்

இரண்டு பாட்டு முடிந்தும் முக்கால் மணி நேரம் உருண்டுகொண்டே கிடந்தால், பெரும்பாலும் பகல் உறக்கம்தான் காரணம். ஒன்றிரண்டு வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று வயதிலிருந்து 10 முதல் 13 மணி நேரம். காலை ஆறரைக்கு எழுந்து, மதியம் இரண்டு மணி நேரம் உறங்கும் பிள்ளை எட்டரைக்கு உறங்கினால் மொத்தம் 12. மதிய உறக்கம் நாலு மணியைத் தாண்டினால், என்ன பாடினாலும் ஒன்பதரை ஆகும். தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்து மூச்சு விடும் பிள்ளையையும், பின்னாலிருந்து பாடினால் திரும்பியே பார்க்காத பிள்ளையையும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் நடக்கிற நாட்களில் தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கியோடு போட்டி போட்டுச் சத்தமாகப் பாடாதீர்கள். நீங்கள் குரலை ஏற்ற ஏற்ற பிள்ளைக்கு விழிப்புதான் கூடும். தெருப்பக்க ஜன்னலை அடைத்து, உள்ளறைக்குப் படுக்கையை மாற்றி, ஃபேனை ஒரு புள்ளி கூட்டி, பிள்ளையின் காதருகே முனகலாகப் பாடுங்கள். தட்டிக்கொடுப்பதைக் கொஞ்சம் அழுத்தமாகச் செய்யுங்கள். வில்லுப்பாட்டு இருக்கிற இரவு என்றால் மைக் சூடு பிடிக்குமுன், ஏழே முக்காலுக்கே தொடங்கிவிடுவது உத்தமம்.