ஏ பிளஸ் கோர்ஸுக்குக் காசு கட்டப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருந்து வந்து கம்ப்யூட்டர் டெக்னிஷியன் ஆகணும்னு நினைக்கிற பிள்ளைங்க இதைப் படிங்க. டவுன்ல கடைவீட்டு மாடியில இருக்குற ஒரு சென்டர், கேஸ் போயிட்டிருக்கு, அதனால பேரு போடல. காம்ப்டியாங்கிற அமைப்பு கொடுக்குற கம்ப்யூட்டர் டெக்னிஷியன் சர்ட்டிபிகேட் தான் ஏ பிளஸ். அதுக்கான கோர்ஸ் 2,800 வெள்ளி (ரிங்கிட்), ரெண்டு பரீட்சை வவுச்சரும், அதாவது பரீட்சைக் கட்டணம் கட்டினதுக்கான கோடும், அதுலயே அடக்கம்னாங்க. நான் செம்பனை மில்லுல ஷிப்டு வேலை, ஓவர்டைம் காசைச் சேர்த்து வச்சு 2025 ஆரம்பத்துல மொத்தமா கட்டினேன்.

ஏ பிளஸ்னா கோர் 1, கோர் 2னு ரெண்டு பேப்பர். ஒவ்வொண்ணும் 90 நிமிஷம், கோர் 1 பாஸ் மார்க் 675, கோர் 2க்கு 700, ரெண்டுமே 900க்கு. ரெண்டும் ஒரே சீரிஸா, அதாவது பரீட்சையோட ஒரே பதிப்பா இருக்கணும், அதான் இங்க விஷயமே. பழைய சீரிஸ் கோர் 1, அதாவது 1101 எழுதினவன் கோர் 2க்கு 1102 தான் எழுதணும், புது சீரிஸ் 1202 எழுதிச் சேர்த்துக்க முடியாது. புது சீரிஸ் 1201, 1202 அந்த மார்ச்லயே வந்துருச்சு, பழசுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 25, 2025. இந்தக் கோர்ஸ வித்துத் தின்றவருக்கு இது தெரியாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

ரிங் போட்ட போட்டோஸ்டேட் புக் ஒண்ணு கொடுத்தாங்க, அட்டையில 1101னு ஸ்டிக்கர். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து நகத்தால சுரண்டிப் பார்த்தா அடியில 1001! அது 2022லயே மூடின சீரிஸ். உள்ள விண்டோஸ் 7 பத்திப் பக்கம் பக்கமா இருக்கு, விண்டோஸ் 11 ஒரு வரி கூட இல்ல.

பிராக்டிக்கல்னா ஒரே ஒரு பழைய சிபியு, அதைச் சுத்தி நாங்க எல்லாரும், ரேமைக் கழட்டி மாட்டினா முடிஞ்சது. லேசர் பிரிண்டர் எப்படி அடிக்குதுங்கிறதுக்கு வாத்தியாரு சார்ஜிங், எக்ஸ்போசிங், டெவலப்பிங், டிரான்ஸ்பரிங், பியூசிங்னு போர்டுல எழுதி மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. எதுக்கு எதுன்னு ஒரு வார்த்தை இல்ல. ஈப்போவுல பிரிண்டர் ரிப்பேர் பண்ற எங்க மாமா தான் அப்பத்தான் அடிச்சு வந்த ஒரு பேப்பரைக் கையில கொடுத்து விரலால தேய்க்கச் சொன்னாரு, எழுத்து பொடியா கையோட வந்துருச்சு. "பியூசர் சூடாகல மாப்ளே, டோனர் பொடி பேப்பர்ல உருகி ஒட்டல, அவ்ளோதான்"னாரு. அதுக்கப்புறம் மறக்குமா?

வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் வேற, இதுல இருந்து தான் கேள்வி வரும்னு. அது திருட்டுக் கேள்வி, மாட்டினா ரிசல்ட்டே கேன்சல் ஆகும், பதில்லயும் தப்பு நிறைய. நான் அதைத் தொடல. புரொபசர் மெசர் யூடியூப்ல முழுக் கோர்ஸையும் ஓசியிலயே போட்டிருக்காரு, அதைப் பார்த்துத் தான் ஆகஸ்ட்ல கோர் 1 (1101) பாஸ் பண்ணேன்.

ரெண்டாவது வவுச்சர் கேட்டா "ஸ்டாக் இல்ல தம்பி, தீபாவளிக்கு முன்னால வந்துரும்". வவுச்சர்னா ஈமெயில்ல வர்ற வெறும் நம்பர், அதுல என்னய்யா ஸ்டாக்கு? தீபாவளி அக்டோபர் 20, பேப்பர் மூடினது செப்டம்பர் 25. போச்சு. இப்ப 1201, 1202 ரெண்டையும் முதல்ல இருந்து எழுதணும்.

சண்டைக்குப் போனா சென்டர் ஓனர் தங்க ஓரம் போட்ட சர்ட்டிபிகேட் ஒண்ணை நீட்டுறாரு, ஏ பிளஸ்னு பெருசா, கீழ அவரே கையெழுத்து. "இதைக் காட்டுங்க தம்பி, யாரு பார்க்கப் போறா." கூடப் படிச்ச ஒருத்தன் அதை பினாங்குல இன்டர்வியூக்கு எடுத்துட்டுப் போக, வெரிபிகேஷன் கோடு எங்கன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. ஒரிஜினல்ல கோடு இருக்கும், ஆன்லைன்ல தட்டினா உங்க பேரு வரும்.

எந்த சென்டரா இருந்தாலும் காசு கட்டுறதுக்கு முன்னால எந்த சீரிஸ், எப்ப மூடுறாங்க, வவுச்சர் எந்தத் தேதிக்குள்ள கைக்கு வரும், இதை ரசீதுலயே எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா எழுந்து வந்துருங்க.

நான் பயனீட்டாளர் டிரிபியூனல்ல (நுகர்வோர் தீர்ப்பாயம்) கேஸ் போட்டிருக்கேன். மனு பாரத்துக்கு 5 வெள்ளி தான், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் வேணாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும். அங்க காசு கட்டின மத்தவங்களும் ஆளுக்கு ஒரு பாரம் போடுங்க, ஓனரோட வாய்ஸ் மெசேஜை அழிச்சிராதீங்க, வாட்ஸ்அப் குரூப்பை அவரு போன வாரமே கலைச்சுட்டாரு.