இரு முனை இடுப்புக் கயிறு: மரத்தின் மேலே கயிற்றை ஏற்றுவதில் என் அனுபவம்

மெல்லிய கயிறு கட்டிய எடைப் பையான எறிபையைத் தரையிலிருந்து எவ்வளவு நன்றாக வீசினாலும், கயிறு பெரும்பாலும் நடு மரத்துக் கிளையில்தான் விழும். அங்கிருந்து உச்சிவரை கயிற்றைக் கிளை கிளையாக மேலேற்ற வேண்டும். ஏறுபவரைச் சோர்வடைய வைப்பது இந்தப் பகுதிதான்.

கயிற்றின் வால்முனையை நான்கைந்து சுற்றாகச் சுருட்டி வீசுவதுதான் எல்லோரும் முதலில் கற்கும் முறை. தனிக் கருவி வேண்டியதில்லை. கிளை அருகில் இருந்து, இடையில் தழை இல்லாவிட்டால் இன்றும் இதையே செய்கிறேன். ஆனால் கிளையைத் தாண்டிய முனை தானாக இறங்கி வருவதில்லை. சொரசொரப்பான பட்டை அதைப் பிடித்துக்கொள்ளும். கயிற்றை அலை அலையாக உதறியே கீழே வரவழைக்க வேண்டும். கொக்கி பொருத்திய மடக்குக் கோல் இருந்தால் கவட்டையில் குறி தவறாமல் கயிற்றைப் போடலாம். அடர்ந்த மரத்தில் அது வழியெல்லாம் சிக்கும் என்பதால், கிளைகள் விலகி நிற்கும் மரத்துக்கு மட்டும் கொண்டுபோகிறேன்.

நான் மிகவும் நம்புவது நீளமான இரு முனை இடுப்புக் கயிற்றைத்தான். என்னுடையது ஏறக்குறைய 8 மீட்டர். இரு முனையிலும் கொக்கி, இரு பாதியிலும் தனித்தனிப் பிடிமுடிச்சு, அதாவது கையால் நகர்த்தினால் நகர்ந்து, எடை ஏறினால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு. ஒரு பாதி அடிமரத்தைச் சுற்றி என்னைத் தாங்கும்போது, மறு பாதியை மேல் கிளையில் போட்டு இடுப்புப் பட்டையில் மாட்டுகிறேன். முழு எடையையும் அதில் ஏற்றிப் பார்த்த பிறகே கீழ்ப் பாதியைக் கழற்றுகிறேன். அப்படி மாறி மாறி ஏறினால் எந்த நொடியிலும் பிணைப்பில்லாமல் இருக்க மாட்டோம். கனமான முதன்மைக் கயிற்றை ஒவ்வொரு கிளையிலும் உருவிப் போடும் உழைப்பும் மிச்சம்.

இதில் ஒரு பெரிய குறை உண்டு. ஆபத்து வந்தால் 8 மீட்டர் கயிற்றில் தரைக்கு இறங்க முடியாது. அதனால் இரண்டு கிளைகளுக்கு மேல் முதன்மைக் கயிற்றைப் பின்னால் விட்டு வைப்பதில்லை. அதன் முனையை இடுப்பில் மாட்டியே ஏறி, நல்ல கவட்டை கிடைத்ததும் மாற்றிப் போட்டுவிடுகிறேன்.

நல்ல கவட்டை என்றால் உயிருள்ள, தடித்த, அகன்று வளைந்த கவட்டை. கூர்மையாகக் குறுகும் கவட்டையில் கயிறு இறுகி மாட்டிக்கொள்ளும். இடையில் பட்டை புதைந்திருந்தால் அந்த இணைப்பே வலுவற்றது. பிணைப்பு எப்போதும் தலைக்கு மேலேயே இருக்கட்டும். மரமேறும் கயிறு அதிகம் நீளாது. தளர்வு விட்டு விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் உடம்பில் இறங்கும்.

கயிறு உரசாமல் மரப்பட்டையைக் காக்க, கிளையில் சுற்றிப் போடும் இரட்டை வளைய நாடாவை இடைக்கிளைகளில் போட்டுப் போட்டுக் கழற்றுவது வீண் வேலை. உச்சிப் பிணைப்பில் அதைக் கட்டாயம் போடுகிறேன். அங்கேதான் கயிறு நாள் முழுவதும் ஓடும். அடிக்கடி பார்க்க வேண்டியது பிடிமுடிச்சுக் கயிறு. உராய்வுச் சூட்டில் அது பளபளத்து விறைத்துப் போனால், அன்றே மாற்றிவிடுகிறேன்.