ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் ஐந்து பெண்கள்: ஐந்துக்கு நாலரை

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கலாமா என்று சந்தேகம் வந்தால் நாங்கள் கூப்பிடுவது ஐந்து பெண்களை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஒரு பரிசோதனைப் பெட்டியையும் கொடுத்தார்கள் அல்லவா, அவர்கள்தான். நான் நாலு முறை கூப்பிட்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கெல்லாம் ரிவ்யூ இருக்கிறது, இவர்களைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு இருக்கிறது. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்போம். கறை என்று நினைத்து அடுப்புக்கரியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறோம், ஆனால் அது பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஃபுளோரைடு செய்துவிட்ட வேலை, தேய்த்தால் போகாது. எங்கள் பக்கத்துப் பாறையிலிருந்தே அது நிலத்தடி நீரில் கரைகிறது, வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டு, முதுகெலும்பு வரைக்கும் போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். அதற்குப் பிறகு பிறந்த என் மகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்ததைப் பார்த்து என் அம்மா கண் கலங்கினார்.

ஆனால் எங்காவது பைப் உடைந்தால் காவிரித் தண்ணீர் நாலைந்து நாள் வராது, அப்போது மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள். குழாய் ஒன்றுதான். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, இன்றைக்கு வருவது எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது.

சரி, சோதனைக்கு வருகிறேன். குழுவில் மூத்தவர் எனக்குப் பெரியம்மா முறை. வந்ததும் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓட விட்டார். "பைப்புல நின்ன தண்ணியப் புடிச்சா சரியா காட்டாது சாமி" என்றார். பெட்டியில் இருந்த சின்னச் சோதனைக் குழாயை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, கோடு வரைக்கும் ஊற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டார். ரோஸ் நிறத்திலேயே நின்றால் ஃபுளோரைடு குறைவு, மஞ்சளுக்கு நகர நகர அதிகம். அதை நிற அட்டையோடு வைத்து ஒப்பிட வேண்டும். வீட்டுக்குள் டியூப்லைட்டில் பார்க்கவே மாட்டார், வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் அட்டை மேல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கூட வந்த அக்காவிடம் தான் பார்த்ததைச் சொல்லாமலே நீட்டினார். இரண்டு பேரும் ஒரே நிறத்தைச் சொன்ன பிறகுதான் நோட்டில் ஏறியது.

எங்கள் வீட்டுத் தண்ணீர் அன்றைக்கு மஞ்சள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. நாங்கள் 1.5-ஐத் தாண்டியிருந்தோம். காய்ச்சிக் குடிக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். "காய்ச்சினா தண்ணிதான் சுண்டும், அது அப்படியே நிக்கும், இன்னும் கூடத்தான் செய்யும்" என்றார் பெரியம்மா. நாற்பது வயது வரைக்கும் இதை எனக்கு யாருமே சொன்னதில்லை.

பெட்டியில் தெரிவது உத்தேச அளவுதான், அதை அவர்கள் மறைப்பதில்லை. இரண்டாவது முறை நிறம் நடுவாந்தரமாக நின்றது. உடனே, தர்மபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடு, ஃபுளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக்கில் எடுத்துப் போ என்று அவர்களே பாட்டிலைக் கழுவிக் கொடுத்தார்கள்.

கிருமி சோதனைக்குத் தனி பாட்டில். தண்ணீரை ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும், கறுத்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது முறை போனபோது பெரியம்மா வீட்டு அடுப்பங்கரை அலமாரியில், ராகி டின்னுக்குப் பக்கத்தில், எங்கள் தெருப் பெயர் எழுதி ஒட்டிய பாட்டில் கறுப்பாக நின்றது. அன்று மாலையே பைப் போகும் வழியெல்லாம் நடந்து பார்த்து, தெருமுனையில் சாக்கடை ஓரமாகக் கசிந்த இடத்தைக் காட்டியவர்களும் இவர்கள்தான். இதற்கு மாதச் சம்பளம் எதுவும் கிடையாது. நூறு நாள் வேலைக்கும் மாட்டுக்கும் நடுவில் செய்கிறார்கள்.

அரை ஸ்டார் குறைத்தது இவர்களுக்காக இல்லை. மருந்து தீர்ந்து இரண்டு மாதம் பெட்டி சும்மா கிடந்தது, ஒருமுறை வந்த பாட்டிலில் தேதி முடிந்திருந்தது. இன்னொரு விஷயம் எனக்கு இன்னமும் ஆறவில்லை. எங்கள் பக்கம் நடந்த ஒரு விழாவில் குடிநீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், மேடையில் இருந்த எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள், இந்த ஐந்து பேரும் கீழே நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேரைக்கூட யாரும் சொல்லவில்லை.

என்ன செய்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். ஒரு சான்றிதழாவது கேட்பார் என்று நினைத்தேன். "நான் மஞ்சள்னு எழுதின வீட்டுக்கு அப்புறம் யாராச்சும் வந்து பாத்தாங்களா, அதச் சொன்னா போதும்" என்றார்.

உலக தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு அந்த நோட்டை அவர்களே மைக்கில் வாசிக்க வேண்டும், ஒவ்வொரு மஞ்சளுக்கும் என்ன செய்தோம் என்று ஊராட்சி அங்கேயே பதில் சொல்ல வேண்டும். அப்புறம், மேல்நிலைத் தொட்டியில் கழுவிய தேதி எழுதியிருக்கிறதே, அதற்குக் கீழே கடைசியாகச் சோதித்த தேதி, வந்த அளவு, ஐந்து பேரின் பெயர், இந்த மூன்றையும் பெயின்ட்டில் எழுத வேண்டும். மனு எழுதிவிட்டேன், எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று தெரியாவிட்டால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பகலிலேயே கூப்பிடுங்கள், பொழுது சாய்ந்தால் நிறம் பார்க்க முடியாது. வந்தவர்களை உட்கார வைத்து ஒரு டீ கொடுங்கள்.