மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வெடிலியாவைத் தலையில் கட்டுகிறார்கள்

கீரைக்கு என்று சொல்லித்தான் நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்டோம். கொடுத்தது வெடிலியா என்ற அலங்காரப் படர்கொடி. தரையில் நட்டதும் பாத்தியைத் தாண்டிப் பக்கத்துச் செடிகளையும் மூடிவிட்டது. போய்க் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான், பூ மஞ்சளாத்தானே இருக்கு" என்று பதில். மாற்றியும் தரவில்லை. பணம் போனால் போகட்டும். இதைக் கீரை என்று நம்பி யாராவது கடைந்து சாப்பிட்டுவிடக் கூடாது.

இரண்டும் ஒன்றல்ல. மஞ்சள் கரிசலாங்கண்ணிக் கீரை நம் நாட்டுச் செடி. வெடிலியா (ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா) மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதியிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. தாவரவியலில் இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் பூவை வைத்து முடிவு கட்ட முடியாது.

இலையைப் பாருங்கள். கீரையின் இலை ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். அகலம் பெரும்பாலும் 2 செ.மீ.க்குள் அடங்கும், தடவினால் சொரசொரக்கும். வெடிலியா இலை அகலமாக, தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். நுனிக்குக் கீழே இரு பக்கமும் காது மாதிரி ஒரு மடல் நீட்டிக்கொண்டிருக்கும். இளங்கொடியிலும் நிழலில் வளர்ந்ததிலும் அந்த மடல் சரியாகத் தெரியாது. அதனால் ஓர் இலையோடு நிறுத்தாமல், கொடியில் முற்றிய இலைகளாகப் பத்தாவது பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே நட்டுவிட்டவர்களுக்கு: வெடிலியா பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை. கொடி மண்ணைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுகிறது, அவ்வளவுதான். ஒரே கணு உள்ள துண்டு கிடந்தாலும் துளிர்க்கும். புல்வெட்டும் மெஷினை இதன்மேல் ஓட்டுவது ஒன்றை நூறாக்கி விதைப்பதற்குச் சமம்.

முதல் நாள் மண் நன்றாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். மறுநாள் ஓரத்திலிருந்து தொடங்கி, கொடியை அறுக்காமல் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே வந்து, கணுக்களை வேரோடு தூக்குங்கள். பிறகு 15 செ.மீ. ஆழம் கிளறி, விட்டுப்போன துண்டுகளைக் கையால் பொறுக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, புதுத்துளிர் மண்ணில் வேர் பிடிப்பதற்குள் எடுங்கள். குறைந்தது ஆறு மாதமாவது இதை விடாமல் செய்ய வேண்டும்.

பிடுங்கியதை உரக்குழியில் போடாதீர்கள், வாய்க்கால் ஓரமும் வேண்டாம். ஈரம் கிடைத்தால் அங்கேயே வேரூன்றும். கறுப்பு பாலிதீன் பையில் இறுகக் கட்டி, கொடி முழுக்க அழுகிக் கறுக்கும்வரை வெயிலில் போட்டுவையுங்கள். ஆடுமாடுகளுக்கும் போடக் கூடாது. இதைத் தின்ற கால்நடைகளுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதாகப் பதிவுகள் உள்ளன.

உண்மையான கீரை வேண்டுமென்றால், வீட்டில் சமைத்துச் சாப்பிடுபவர்களிடம் ஒரு கொடி வாங்கி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். அதுவும் படரும் கொடிதான் என்பதால் தரையில் விடாமல் அகலமான தொட்டியிலேயே வைத்து, விளிம்பைத் தாண்டும் கொடியைக் கீரைக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள்.