வாரண்டி முடிந்த கையோடு படுத்துவிடும் ஸ்மார்ட்வாட்ச்கள்

ஸ்மார்ட்வாட்ச் வாங்கிய முதல் வாரத்தில் எழுதும் விமர்சனத்தை நம்பி யாரும் பணம் போடாதீர்கள். முதல் வருடம் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அதன் யோக்கியதை தெரிவது இரண்டாவது வருடத்தில்தான். ஒரு ஃபிட்னஸ் பேண்ட், அப்புறம் வேறு வேறு கம்பெனிகளின் இரண்டு வாட்ச் என்று கட்டிப் பார்த்துவிட்டேன். மூன்றுமே ஒரு வருட வாரண்டி முடிந்து சில மாதங்களுக்குள் படுத்துவிட்டன.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் வாங்கியவை இவை. காலையில் வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டி நடை, பிறகு வேலைக்கு ராணிப்பேட்டை பஸ். நாள் முழுக்க வியர்வையும் வெயிலும்தான்.

பேண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொக்கி மாட்டும் இடத்தில் ஸ்ட்ராப் கிழிந்தது. அந்த மாடலுக்கென்றே தனி வடிவம். புது மாடல் வந்ததும் பழையதற்கு ஸ்ட்ராப் கிடைக்கவில்லை.

முதல் வாட்ச்சில் போனது பேட்டரி. ஒரு வாரம் நின்ற சார்ஜ் ஒரு நாளைக்கே திணறியது. ஒரு நாள் சார்ஜரிலிருந்து எடுத்தால் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. இடுக்கில் நகம் நுழைகிறது. பேட்டரி உப்பிவிட்டது. இப்படி ஆனால் மறுபடி சார்ஜ் போடாதீர்கள், மூடியை அழுத்தவும் வேண்டாம், தீப்பிடிக்கக் கூடும். லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினாலே அதன் கொள்ளளவு பொதுவாக 80 சதவீதத்துக்கு வந்துவிடும். சூடு இருந்தால் இன்னும் சீக்கிரம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. இங்கே விற்கிற பொருள் இங்கத்து வெயிலைத் தாங்க வேண்டாமா?

இரண்டாவது வாட்ச்சில், சார்ஜ் ஏறும் சின்ன உலோகப் புள்ளிகளில் பச்சை பூத்தது. துடைத்தால் கொஞ்ச நாள் ஏறும், மறுபடி நின்றுவிடும். வியர்வையின் உப்பு அரித்த வேலை. மழைக்காலத்தில் கண்ணாடிக்கு உள்ளேயும் ஆவி படிய ஆரம்பித்தது. பெட்டியில் ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக் குறியீடு) என்று போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அது புது வாட்ச்சை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்க்கும் சோதனை. ஒட்டியிருக்கும் பசை நாளாக நாளாகத் தளரும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

சர்வீஸ் சென்டரில் வாட்ச்சைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாரண்டி முடிஞ்சிடுச்சு சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். பஜார் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் தம்பிதான் நேர்மையாகப் பேசினார். "திறந்துடலாம்ணா. ஆனா இதுக்குப் பேட்டரி எங்கயும் வர்றதில்ல. கிடைச்சா கொண்டு வாங்க, போட்டுத் தர்றேன்." கை இருக்கிறது, உதிரி பாகம் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சில நூறு ரூபாய் பேட்டரி இல்லாமல் சில ஆயிரம் ரூபாய் வாட்ச் குப்பைக்குப் போகிறது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பொருளில் குறை இருந்தால் குறைந்தது 2 வருடத்துக்கு விற்றவரே பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. 2027 பிப்ரவரியிலிருந்து, சில விதிவிலக்குகள் போக, இந்த மாதிரிக் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அங்கே வைக்க வேண்டும். நம் நாட்டில் 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கினார்கள். ஆனால் ஒரு வாட்ச்சுக்கு இத்தனை வருடம் உதிரி பாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால்தான் நிலைமை மாறும்.

வாரண்டி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடவும் வேண்டாம். பொருளிலேயே குறை இருந்தால் முறையிட வழி இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். பில்லைப் பத்திரமாக வையுங்கள். உப்பிய மூடியையும் பச்சை பூத்த புள்ளியையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்து வாங்குவதாக இருந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும் 20 அல்லது 22 மில்லிமீட்டர் ஸ்ட்ராப் பொருந்தும் வாட்ச்தான் வாங்குவேன். வாரண்டிக்குப் பிறகு பேட்டரி மாற்ற என்ன விலை என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்பேன். பதில் வராத கம்பெனிக்கு என் பணம் கிடையாது.