தாத்தாவின் எம்ஜி கார் போட்டோவை மாற்றிவிட்டார்கள்: பழைய ரேலி படம் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் பழைய போட்டோ சேர்ப்பவர்களும், தாத்தா காலத்துப் படங்களை பீரோவில் வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் 9,600 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். பணத்தைவிடப் பெரிய இழப்பு, எங்கள் வீட்டு அசல் போட்டோ ஒன்று போனது. புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. எப்படிச் செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் தாத்தா கிருஷ்ணகிரியில், பெங்களூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். மெட்ராஸிலிருந்து பெங்களூர் போகிற ரோடும் சேலத்திலிருந்து வருகிற ரோடும் சேருகிற ஊர் இது. அந்தக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் இந்த வழியாகப் போகும்போது வண்டி சூடேறினால் இங்கேதான் நிறுத்துவார்களாம். தாத்தா சொன்ன அந்தக் கதைகளுக்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி, உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று. கதவு திறந்த ஒரு சின்னக் கார், பக்கத்தில் ஒரு வாளி, துணியில் கை துடைத்துக்கொண்டு நிற்கிற தாத்தா.

அது எந்தக் கார் என்று தேடப் போய்த்தான் இந்த ஆர்வமே எனக்கு வந்தது. கம்பிச் சக்கரம், பெரியது, 19 அங்குலம். முன்னால் பம்பர் கிடையாது. பின்னால் செங்குத்தாக நிற்கிற பெட்ரோல் டேங்க், அதன்மேல் ஸ்டெப்னி. எம்ஜி என்ற இங்கிலாந்து கம்பெனியின் டி வரிசைக் கார்தான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் டிஏ, டிபி, டிசி மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டிசியில் உட்காரும் இடத்தை நாலு அங்குலம் அகலப்படுத்தினார்கள். அதனால் பக்கவாட்டு மிதிபலகை குறுகி, அதன்மேல் இருந்த மூன்று பட்டை இரண்டாகிவிட்டது. வாட்ச் ரிப்பேர் லென்ஸை வைத்து ஒரு மாலை முழுக்க அந்தப் பட்டைகளை எண்ணினேன். இரண்டு. டிசி 1945 கடைசியில் வந்து 1949 வரை செய்யப்பட்ட வண்டி. போட்டோவின் பின்பக்கம் தாத்தா எழுதியிருந்த வருஷமும் 1949. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழைய ரேலி (ரோட்டில் நடக்கும் கார் போட்டி) படங்களை இப்படிப் படிக்க ஆரம்பித்தால் விடவே மனசு வராது. இத்தாலியில் நடந்த மில்லே மிலியா ஒரு சாலைப் பந்தயம். 1955இல் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய மெர்சிடிஸ் மேல் 722 என்று இருக்கும். காலை 7.22க்கு அவர் கிளம்பினார் என்பதுதான் அந்த எண். 1964 மான்டி கார்லோ ரேலியில் ஜெயித்த பேடி ஹாப்கிர்க்கின் மினி கூப்பரின் எண் 37. நம்பர் பிளேட், சக்கரம், முகப்பு விளக்கு ஒவ்வொன்றும் ஒரு தேதி சொல்லும். இவ்வளவு படித்தவன்தான் ஏமாந்தேன். வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒன்றை ஒருவர் கையில் கொண்டுவந்து கொடுக்கும்போது கண் ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

அந்த வியாபாரி ஒரு நண்பர் வழியாக வாட்ஸ்அப்பில் வந்தார். “அண்ணா, 1938 மெட்ராஸ் - பெங்களூர் ரேலி போட்டோ எட்டு இருக்கு. கிருஷ்ணகிரின்னு பின்னாடியே எழுதியிருக்கு” என்றார். மங்கலாக இரண்டு படம் அனுப்பினார். பாதிப் பணம் ஜிபேயில், மீதி கையில் கொடுப்பதாகப் பேச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். பட்டர் பேப்பரில் சுற்றி, ஓரம் பழுத்து, பார்த்தாலே கும்பிடத் தோன்றும் மாதிரி இருந்தன. மேலே இருந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

அப்புறம்தான் அவர் தாத்தா போட்டோவைக் கேட்டார். காட்டினேன். பார்த்த உடனே “டிசிங்களா?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். இந்த ஊரில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். படத்தில் பூஞ்சைப் புள்ளி இருந்தது. “பெங்களூர்ல நல்ல ஸ்கேனர்ல போட்டு, பூஞ்சையும் எடுத்துத் தர்றேன், காசு வேண்டாங்க” என்றார். கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்துப் படம் வந்தது, தடிமனான அட்டையில் ஒட்டப்பட்டு. வளையாமல் இருப்பதற்காக ஒட்டினேன் என்றார். பழைய போட்டோவைப் பாதுகாக்கத் தெரிந்தவர் யாரும் அதைப் பசை வைத்து அட்டையில் ஒட்ட மாட்டார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

முதலில் அந்த எட்டுப் படம்தான் பிடிபட்டது. “தொப்பூர் கணவாய், 1938” என்று எழுதிய படத்தில் ஒரு ஜாகுவார், கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது. தொப்பூர் வழியாக சேலத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! நம் கணவாய் முள்ளும் புதருமான மலை. படத்தில் இருந்தது புல் பூண்டு இல்லாத வெறும் பாறை. லென்ஸ் வைத்து நம்பர் பிளேட்டைப் பார்த்தேன்: என்.யு.பி. 120. ஜாகுவார் எக்ஸ்கே 120 வண்டிகளில் மிகவும் பேர் பெற்ற ஒன்று. இயான் ஆப்பிள்யார்டும் அவர் மனைவி பேட்டும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் நடக்கும் ஆல்பைன் ரேலியில் ஓட்டியது. பேட், ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸின் மகள். 1950, 51, 52 என மூன்று வருஷமும் ஒரு தண்டனைப் புள்ளிகூட வாங்காமல் முடித்ததால் ஆப்பிள்யார்டுக்குத் தங்கக் கோப்பையே கொடுத்தார்கள். அந்த மாடலே 1948இல்தான் லண்டன் கார் கண்காட்சிக்கு வந்தது. 1938இல் தொப்பூரில் அதற்கு என்ன வேலை?

மற்றவையும் அப்படித்தான். ஒன்றில் எம்ஜி டிடி. பம்பரும், கம்பி இல்லாத சின்னத் தகட்டுச் சக்கரமும் வைத்து 1950இல் வந்த வண்டி. இன்னொன்றில் டிசிக்கு இடது பக்கம் ஸ்டியரிங். எம்ஜி தொழிற்சாலை டிசியை இடது ஸ்டியரிங்கோடு செய்ததே இல்லை. படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டு, நம்பர் பிளேட்டை மட்டும் தேய்த்து மங்கலாக்கியிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் இரண்டு படத்தில் பத்திரிகை அச்சின் புள்ளி வரிசை அப்படியே தெரிந்தது. பழுப்பு நிறம் டீத்தண்ணீர். அசல் பழைய படத்தை வெளிச்சத்தில் சாய்த்தால், கறுப்பான இடங்களின் ஓரத்தில் நீலம் கலந்த ஒரு வெள்ளி மினுமினுப்பு வரும். படத்தில் இருக்கிற வெள்ளியே காலப்போக்கில் மேலே வந்து படிவது அது. டீத்தண்ணீரில் அது வராது.

எதற்கும் இருக்கட்டும் என்று என் நண்பரின் அடகுக்கடைக்குப் போனேன். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட் அவரிடம் இருக்கிறது. 1950களுக்கு முன்னால் போட்டோ பேப்பரில் வெண்மைக்காக ரசாயனம் சேர்க்கும் வழக்கம் இல்லை. அந்த லைட்டில் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1930களின் பேப்பராக இருக்க முடியாது. (ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழசு என்று நம்பிவிடவும் கூடாது. பிற்காலப் பேப்பரிலும் ஒளிராதவை உண்டு.) எட்டும் பளீரென்று ஒளிர்ந்தன. உண்மையான பழைய பேப்பர் எப்படி மங்கலாக இருக்கும் என்று நண்பருக்குக் காட்டலாம் என்று தாத்தா படத்தை எடுத்து அடியில் வைத்தேன்.

அதுவும் ஒளிர்ந்தது.

வீட்டுக்கு வந்து ஆவி காட்டி அட்டையிலிருந்து மெதுவாக உரித்தேன். பின்பக்கம் வழவழவென்று பிளாஸ்டிக் பூசிய புதுப் பேப்பர். வெள்ளை. தாத்தாவின் கையெழுத்து இல்லை. அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று.

போன் செய்தபோது, “அதே போட்டோதாங்க, வாஷ் பண்ணிக் கொடுத்தேன்” என்றார். மூன்றாவது தடவைக்கு மேல் எடுக்கவில்லை. நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறேன். ஜிபேயில் போன பாதிக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்தேன். ஆன்லைனில் பணம் ஏமாந்தால் எவ்வளவு சீக்கிரம் அந்த எண்ணைக் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. நான் கூப்பிட்டபோது மூன்று வாரம் ஓடியிருந்தது.

ஸ்டேஷனில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: அசல் உங்களுடையது என்பதற்கு என்ன அடையாளம்? முன்பக்கத்தை மொபைலில் எடுத்து வைத்திருந்தேன். பின்பக்கத்தை எடுக்கவே இல்லை. எழுத்து, ஸ்டூடியோ முத்திரை, கறை எல்லாம் அங்கேதான் இருக்கும். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வீட்டுப் படங்களின் இரண்டு பக்கத்தையும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, எடுத்து வையுங்கள். ஸ்கேன் வேண்டுமென்றால் உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண வீட்டு ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்தாலே மிதிபலகைப் பட்டையை எண்ணலாம். நெகட்டிவையும் அசலையும் ஒரு இரவுகூட வெளியே விடாதீர்கள். வாங்குகிறவர்கள் எல்லாப் படத்தையும் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள், டீ ஆறினாலும் பரவாயில்லை. அவசரப்படுத்துகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

எங்கள் படத்தை எங்காவது யாராவது விலைக்குக் காட்டினால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். அகலம் சுமார் எட்டு சென்டிமீட்டர், ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கும், வலது மேல் மூலையில் மூன்று பூஞ்சைப் புள்ளி. பின்பக்கம் ஊதா காப்பி பென்சிலில், சாய்ந்த எழுத்தில் மூன்று வரி: “கிருஷ்ணகிரி 1949. ரேடியேட்டர் கொதித்து 2 மணி நேரம் நின்றது. துரை எட்டணா கொடுத்தார்.”